தொகுதியும் பகுதியும்

பின்னம் ஒன்றை வாசிக்கும்போது நமது கண் மேலுள்ள தொகுதியிலேயே படிகின்றது. கீழுள்ள பகுதியைத் தரப்பட்டதொன்றாகக் கொண்டு அமைகின்றோம். கணித வகுப்பிலே இதனாற் கேடில்லை. ஆயின், ஒரு சமூகத்தின் சுகாதாரத்துக்கெனத் திட்டம் வகுத்து, அதன் வெற்றியை நூற்றுக்கு இத்தனை என அளக்க முற்படும்போது, பகுதியிலே எவரை எழுதுவது என்பது அறவினாவாகி விடுகின்றது. புத்தளக் கரையோரத்தை முன்னிறுத்தி இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையிலே யானைக்கால் நோய் நிலைகொண்டிருந்த மாவட்டங்கள் எட்டு. கம்பஹா முதல் அம்பாந்தோட்டை வரையான ஆறு கரையோர மாவட்டங்களும், அவற்றோடு குருநாகலும் புத்தளமும் அவையாம். இந்நோய்க்குக் காரணமான புழு மனித உடலில் ஏறக்குறைய ஐந்தாண்டு வாழும். அது ஈனும் நுண்புழுக்களை நுளம்பு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கடத்தும். ஆகவே நோயுற்றோரும் உறாதோரும் ஒருங்கே ஆண்டுக்கொரு முறை மருந்துண்டு வருவாராயின், தாய்ப்புழு முதிர்ந்து மாயும்வரை இரத்தத்தில் நுண்புழு பெருகாது, பரவலும் அற்றுப்போகும். இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு, 2002 முதல் 2006 வரை ஐந்து ஆண்டுகள் அவ்வெட்டு மாவட்டங்களிலும் இருவகை மருந்துகள் சேர்த்து வழங்கப்பட்டன. சிறு குழந்தைகள், கருவுற்ற தாய்மார், கடும் நோயாளர் ஆகியோருக்கு மட்டுமே விலக்களிக்கப்பட்டது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்நோய் இலங்கையில் நீங்கிவிட்டது என 2016 இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. தனக்கு நோயில்லாதவரும் அயலவர்பொருட்டு மருந்துண்ட இச்செயல் போற்றுதற்குரியது என்பதில் ஐயமில்லை.

இத்தகைய திட்டத்துக்கு உலக சுகாதார நிறுவனம் ஓர் எல்லை வகுத்துள்ளது. மொத்தச் சனத்தொகையில் 65 சதவீதத்துக்குக் குறையாதோர் ஒவ்வொரு சுற்றிலும் மருந்துண்ண வேண்டும். அவ்வாறாயின் எஞ்சிய 35 சதவீதத்தினர்பால் திட்டத்துக்குள்ள கடமை யாது? சமூகத்தினின்றும் நோய் அகன்றாற் போதும், தனியொருவர் விடுபட்டமை குறையன்று எனப் பயன்முதல்வாதி விடை கூறுவார். அவ்விடையை எளிதிற் புறந்தள்ள இயலாது. விடுபட்டவரும் நோயற்ற ஊரிலேதான் வாழப்போகின்றார். அவருக்கும் அந்நன்மை கிட்டுகின்றது.

ஆயின் அவ்விடை ஒரு நிபந்தனையை மறைவாகக் கொண்டுள்ளது. முதலாண்டு ஒருவரும் மறுவாண்டு மற்றொருவருமாக விடுபடுவாராயின் அது தற்செயல் எனலாம். ஐந்தாண்டும் அதே மக்களே விடுபடுவாராயின் அதனைத் தற்செயல் எனல் பொருந்தாது. அவ்வாறு விடுபட்டோர் கூடிவாழும் இடத்திலே நோயும் கூடிவாழும். அங்கே மருத்துவக் குறையும் அறக்குறையும் ஒன்றாகவே நிற்கின்றன. நூற்றுக்கு எழுபது என்னும் ஒரே எண் இவ்விரு நிலைகளையும் குறிக்க வல்லது. எண்ணை மட்டும் நோக்குபவருக்கு இவ்வேறுபாடு புலப்படாது.

எவர் இவ்வாறு மீண்டும் மீண்டும் விடுபடத்தக்கவர்? 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையே இன்றும் நமது பொதுச் சுகாதாரத்தின் அடித்தளமாகும். அதன் சிறப்பு, மருத்துவமாதும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் எல்லை வகுத்த நிலப்பரப்பொன்றுக்குப் பொறுப்பாயிருத்தலாகும். ஆனால் நிலத்தை எண்ணும் முறை, நிலத்தில் நிலைத்திருப்போரையே நன்கு எண்ணும். சோளகம் வீசும் காலத்திலே மேற்குக் கரையை விட்டு மறுகரை சென்று வாடியமைத்துத் தங்கும் மீனவர் எவ்வூர்க் கணக்கினர்? கற்பிட்டியின் தீவுகளில் பருவந்தோறும் வாடியமைப்போர் எவ்வூர்க் கணக்கினர்? இந்நோயின் நுண்புழு பெரும்பாலும் நள்ளிரவை அண்டியே வெளி இரத்தத்தில் தோன்றும். ஆதலால் இரத்த மாதிரி எடுப்பதும் இரவிலேயே நடைபெறுவது வழக்கம். அவ்வேளையிலே கடலில் வலையோடு இருப்பவரின் வாசலைத் தட்டுபவர் யாரைக் காண்பார்? பகலிலும் செய்யத்தக்க பரிசோதனைகள் பின்னர் வந்துள்ளன. அவற்றைப் பாடசாலைச் சிறுவரிடத்துச் செய்யும் வழக்கமும் உண்டு. அவ்விடத்தும் பாடசாலைக்கு வராத பிள்ளை வினாவாகவே எஞ்சுகின்றது.

இடம்பெயர்ந்தோர் நிலை இன்னும் கூர்மையானது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்தினின்றும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களுட் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் அடைக்கலம் புகுந்தனர். 1981 இற்குப் பின் 2001 வரை நாட்டிலே குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. பலரது பெயர் வடக்கின் வாக்காளர் இடாப்பிலும் உடல் புத்தளத்து ஓலைக்குடிசையிலுமாக ஆண்டுகள் பல கழிந்தன. இத்தகைய மண்ணிலே பகுதி எண்ணைப் பழைய ஏட்டிலிருந்து எடுத்தெழுதுவது, அடைக்கலம் புகுந்தோரை இரண்டாம் முறையும் வெளியேற்றுவதற்கு ஒப்பாகும்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 1963 இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. தொகுதி அத்துணைச் சிறுத்தது கண்டு மருந்து தெளித்தலும் தேடுதலும் தளர்ந்தன. 1967 முதல் 1969 வரை எழுந்த பெருந்தொற்றிலே நோயாளர் தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. ஆனால் மலேரியாவின் இறுதிக் கட்டத்திலே, எளிதில் அணுகவியலா மக்களை நாடி நடமாடும் சிகிச்சை நிலையங்கள் சென்றன. 2012 இற்குப் பின் 2016 வரை உள்ளூரிற் தொற்றிய நோயாளர் எவரும் காணப்படவில்லை. 2016 இல் அந்நோயும் நீங்கியதாகச் சான்று கிடைத்தது. நோயாளர் வரவை எதிர்பாராது அவரைத் தேடிச் சென்றதும் இவ்வெற்றியின் காரணங்களுள் ஒன்றாகும்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். பணமும் ஆளணியும் அளவுக்குட்பட்டவை. ஒருவரும் விடுபடாது எண்ணுதல் எவ்வரசுக்கும் இயலாது என்பர். இது நேர்மையான தடையே. அனைவரையும் அடைதல் இயலாமற் போகலாம். ஆயின் அடையப்படாதோர் யார் என எழுதிவைத்தல் இயலும். எவ்வாடி, எம்முகாம், எத்தோட்டக் கூலிக் குடியிருப்பு இவ்வாண்டு விடுபட்டது என ஒரு பக்கம் எழுதுவாராயின், மறுவாண்டின் திட்டம் அப்பக்கத்திலிருந்தே தொடங்கலாம். மக்கள் தமது சுகாதாரத் திட்டங்களை வகுப்பதிலே பங்குகொள்ளும் உரிமையும் கடமையும் உடையர் என 1978 ஆம் ஆண்டின் அல்மா ஆட்டா பிரகடனம் கூறிற்று. அப்பங்கேற்பு மதிப்பீட்டுக்கும் உரியது. தம் அயலிலே எவர் விடுபட்டனர் என்பதை அதிகாரியினும் கரைவலை இழுப்போர் நன்கறிவர்.

இன்னுமொருவர் உளர். நோய் பரவுதல் நின்றபின்னும் வீங்கிய காலோடு வாழ்பவர் அவர். புதிய தொற்றை எண்ணும் பின்னத்திலே அவருக்கு மேலும் இடமில்லை; கீழும் இடமில்லை. அவருக்கு வேண்டுவன தூய நீர், சவர்க்காரம், நாள்தோறும் காலைக் கழுவித் துடைக்கக் கற்பிக்கும் ஒரு கை ஆகியனவே. துன்புற்றோரைப் பேணலும் உலகத் திட்டத்தின் இரு நோக்கங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டமை அறிவுடைமையாகும். அது விழா முடிந்ததும் மறக்கப்படாதிருத்தல் வேண்டும்.

இவற்றால் நாம் பெறும் முடிவு எளியது. மதிப்பீடு என்பது சென்ற வேலைக்குப் புள்ளியிடும் அலுவலாக முடிந்துவிடலாகாது. எவரை நம்மவராகக் கொண்டோம், எவரைக் கொள்ளாது விட்டோம் என்பதன் ஒப்புதல் வாக்குமூலமாகவும் அஃது அமைதல் வேண்டும். தொகுதி நமது உழைப்பைக் காட்டும். பகுதி நமது மனத்தைக் காட்டும்.