போனவரும் காணாதவரும்

சாக்கெட், த்ரெட் இரண்டையும் கற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதிப் பார்ப்பது ஒரு அரட்டை நிரலைத்தான். அமைப்பு எளிது. சர்வர் ஒரு போர்ட்டில் காதை வைத்துக் காத்திருக்கும். ஒருவர் வந்து இணைந்தால் அவருக்கென்று தனி சாக்கெட், தனி த்ரெட். அந்த த்ரெட்டுக்கு ஒரே வேலை: அவர் பேசும்வரை தூங்குவது, பேசினால் எழுந்து மற்ற எல்லாருக்கும் அதை அனுப்பிவிட்டு மறுபடி தூங்குவது. அவர் முறையாக விடைபெற்றால் 'ரிசீவ்' என்ற அழைப்பு பூஜ்யம் பைட்டுகளோடு திரும்பும். உடனே சாக்கெட்டை மூடி, "இன்னார் வெளியேறினார்" என்று அறைக்கு அறிவித்துவிடலாம். பைதானில் நூறு வரிகூட வராது.

என் அக்கா மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு. போன மே விடுமுறைக்கு ஏற்காடு வந்திருந்தபோது இதை எழுதினான். சர்வர் வாடகை மெஷின் ஒன்றில் ஓடியது. நண்பர்கள் கைப்பேசியிலிருந்து இணைந்தார்கள். அதில் ஒருவன் சேலம் பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தான். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் சிக்னல் போனது, அங்கேயே சார்ஜும் தீர்ந்தது. அதன்பின் அறையில் யாரும் பேசவில்லை. ஒரு மணி நேரம் கழித்தும் பட்டியலில் அவன் பெயர் பச்சையாகவே இருந்தது. "மாமா, இவன் இருக்கானா, போயிட்டானா?"

டிசிபிக்கு அது தெரியாது. யாராவது பேசியிருந்தால், ரசீது வராததைக் கண்டு லினக்ஸ் கால் மணி நேரம்போல மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்துவிட்டுக் கைவிட்டிருக்கும். யாரும் பேசாத அறையில் அந்த த்ரெட் காலம் முழுக்கத் தூங்கும். வேண்டுமானால் 'கீப்அலைவ்' என்பதை இயக்கலாம். 7200 விநாடி மௌனத்துக்குப் பிறகு "இருக்கியா?" என்று 75 விநாடிக்கு ஒருமுறை 9 தடவை கேட்கும். பதில் இல்லையென்றால் இணைப்பு முடிந்தது. மொத்தம் 2 மணி 11 நிமிடம் 15 விநாடி.

நாமாக மாற்றாதவரை இந்த இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்பது 1989ல் வந்த ஆர்எஃப்சி 1122 ஆவணத்தின் விதி. காரணமும் அதிலேயே உண்டு: அவசரப்பட்டால், தற்காலிகமாகத் தடைபட்ட நல்ல இணைப்பும் அறுந்துபோகும். மலைப்பாதையில் பயணம் செய்தவர்களுக்கு இது புரியும். ஒரு வளைவில் போன சிக்னல் அடுத்த வளைவில் வந்துவிடும். இடையில் யாரும் தீர்ப்பு எழுதாவிட்டால் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும். தாமதமானவரையும் இல்லாமல் போனவரையும் இந்தப் பக்கத்திலிருந்து பிரித்தறிய முடியாது. ஃபிஷர், லின்ச், பேட்டர்சன் மூவரும் 1985ல் நிறுவிய புகழ்பெற்ற தேற்றத்தின் வேரும் இதுதான்.

அப்படியானால் எவ்வளவு நேரம் காத்திருப்பது? நம் நிரல்கள் இங்கே இரண்டு முடிவுகளை ஒன்றாகக் கட்டிவிடுகின்றன என்று நினைக்கிறேன். நான் காத்திருப்பதை எப்போது நிறுத்துவது என்பது ஒன்று. அவரைப் பற்றி என்ன சொல்வது என்பது இன்னொன்று. முதலாவது என் உரிமை. த்ரெட் சும்மா கிடைப்பதில்லை. பத்தாயிரம் பேருக்காகத் தூங்கும் சர்வர் புதிதாக வருபவரைச் சேர்க்கத் திணறும். ஆனால் என் செலவைக் குறைப்பதற்காக அவர் "வெளியேறினார்" என்று அறைக்கு அறிவிப்பது, அவர் செய்யாத ஒன்றை அவர் பெயரில் எழுதுவது.

சட்டம் இதில் நம்மைவிட நிதானமாக இருந்திருக்கிறது. 1872ன் இந்திய சாட்சியச் சட்டம், 7 ஆண்டுகளாகத் தகவலே இல்லாத ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது. 2023ல் வந்த புதிய சட்டத்திலும் அந்த 7 தொடர்கிறது. அவர் செத்துவிட்டார் என்று சட்டம் கண்டுபிடித்துச் சொல்லவில்லை; நிரூபிக்கும் சுமையை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். சொத்து, மறுமணம் என்று வீட்டில் இருப்பவர்களின் வாழ்க்கை நகர அது போதும்.

ஆனால் யார் காத்திருப்பது, யார் அறிவிப்பது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். இலங்கையில் போருக்குப் பின், 2010ன் தற்காலிகச் சட்டம் ஒரு வருடத்துக்கு மேல் காணாமல் போனவர்களை இறந்தவர்களாகப் பதிய வழி செய்தது. பல தாய்மார் அந்தச் சான்றிதழை வாங்க மறுத்தார்கள். கடைசியாகப் பிள்ளையைக் கண்டது படையினர் கையில்; அதே அரசு வந்து "முடிந்தது" என்று எழுதித் தருவதை எப்படி வாங்குவது? 2016ல் சட்டம் திருத்தப்பட்டது. ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் வந்தது. உயிரோடு, இறந்து என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவது நிலை. அதை முன்னேற்றம் என்றே சொல்வேன். ஆனால் அதுவும் போதவில்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் அம்மாக்கள் சாலையோரம் உட்கார்ந்து போராடத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்டது சொல்லை அல்ல, ஆளை. மௌனத்தை உண்டாக்கியவரே அதற்குக் கெடு வைக்கும்போது மூன்றாவது நிலைகூடத் தப்பித்துக்கொள்ளும் வழியாகிவிடலாம்.

ஒரு அரட்டை நிரலுக்கு இவ்வளவு பெரிய பாரம் தேவையில்லைதான். எங்கள் நிரலில் மாறியது சில வரிகள். சர்வர் 30 விநாடிக்கு ஒருமுறை சின்னதாக ஒரு செய்தி அனுப்பும். மூன்று தடவை பதில் இல்லையென்றால் சாக்கெட்டை மூடி த்ரெட்டை விடுவிக்கும். ஆனால் விடைபெற்றவருக்கு மட்டுமே "வெளியேறினார்". மற்றவருக்கு "8:40க்குப் பிறகு தகவல் இல்லை", பெயர் சாம்பல் நிறத்தில். திரும்பி வந்தால் அதே பெயரில் உட்காரலாம்.

"சாம்பல் பேரை எப்ப மாமா எடுக்கறது?" என்றான். அறையில் இருப்பவர்களிடமே கேட்டுவிடலாம் என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறோம். இதுவரை யாரும் அதை அழுத்தவில்லை.