மண் சொல்லாத பொய்

குழந்தையின் கண்ணீரைத் துடைப்பதற்காகச் சொல்லும் பொய், பொய்யாகுமா? வெகு காலம் நான் இதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. ஓர் அவரை விதைதான் என்னை யோசிக்க வைத்தது.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவளுடைய மழலையர் பள்ளியில் தினமும் சிறிது நேரம் குழந்தைகளை மரத்தடிக்கு அழைத்துப் போவார்கள். எறும்புச் சாரியைத் தொடர்ந்து போவதும், புளியங்கொட்டைகளை எண்ணுவதும், மண் பிசைவதும்தான் அங்கே பாடம். ஒரு நாள் ஆளுக்கொரு கொட்டாங்கச்சியில் மண் நிரப்பி, அவரை விதை ஊன்றி, வீட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள்.

என் மகளால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை விதையைத் தோண்டி எடுப்பாள். தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பப் புதைப்பாள். தோழிகளின் விதைகள் தலைகாட்டிவிட்டன. இவளுடையது அசையவில்லை. ஓர் இரவு அழுதபடியே தூங்கிப் போனாள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. கொட்டாங்கச்சியைக் கிளறிப் பார்த்தேன். விதை அழுகிப் போயிருந்தது. பக்கத்து வீட்டுப் பாத்தியில் முளைத்திருந்த ஓர் அவரைக் கன்றைக் கேட்டு வாங்கி வந்து அதில் நட்டுவைத்தேன்.

விடிந்ததும் வீடே அதிர்ந்தது. "அப்பா! நான் தினம் தோண்டித் தோண்டிப் பார்த்தேனில்லையா, அதனாலேதான் முளைச்சிருக்கு! எல்லாருக்கும் சொல்லப் போறேன்!"

நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மரியா மாண்டிசோரி என்ற இத்தாலிய மருத்துவர் 1907-ல் ரோம் நகரின் சான் லோரென்சோ என்ற ஏழைகள் பகுதியில் ஒரு குழந்தைகள் இல்லம் தொடங்கினார். அங்கே ஒரு மரக்கட்டை. அதில் அளவு மாறிய குழிகள். ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான உருளை. ஒன்றை மாற்றி வைத்தால் முடிவில் ஏதோ ஓர் உருளை குழியில் சேராமல் காட்டிக்கொடுத்துவிடும். ஆசிரியை 'தப்பு' என்று சொல்ல வேண்டியதே இல்லை. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, சுற்றிலும் மற்றக் குழந்தைகள் பாடி ஆடியபோதும் நிமிராமல், 40 தடவைக்கு மேல் உருளைகளை எடுத்து எடுத்து வைத்தாளாம். 1939-ல் அடையாற்றுக்கு வந்த அம்மையாரைப் போர் இந்தியாவிலேயே நிறுத்திவிட்டது. 1942 முதல் 1944 வரை கோடைக்கானலில் இருந்தார். அந்த மலைச்சூழலில் செடிகொடிகளும் சிறு பிராணிகளுமே குழந்தைகளுக்குப் பாடப் புத்தகமாயின.

கையால் கற்பதன் பெருமை விளையாட்டாகக் கற்கலாம் என்பது மட்டுமன்று. கட்டைக்கு முகத்தாட்சண்யம் இல்லை. மண்ணுக்கு மகள் என்ற பாசம் இல்லை. அவை திட்டுவதும் இல்லை, பொய்யாகப் புகழ்வதும் இல்லை. பெரியவர்களின் வாயை நம்பி வாழும் குழந்தை, முதல் முதலாகத் தன் கண்ணை நம்பக் கற்கும் இடம் அது. அந்த இடத்தில்தான் நான் புகுந்து, மண்ணைப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்தேன்.

"நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள் என்று சொல்கிறோமே, அது மட்டும் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அது கதை. வளர்ந்த பிறகு குழந்தை தன் கண்ணாலேயே அதைச் சோதித்துக்கொண்டு சிரித்துவிடும். நான் கெடுத்ததோ சோதித்துப் பார்க்கும் அந்தக் கண்ணையே. கதை சொன்னவன் பாட்டியைத்தான் கற்பித்தான். நான் சான்றையே மாற்றிவிட்டேன்.

அன்று மாலையே அவளை மடியில் இருத்தி உண்மையைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "என் விதை எங்கே?" என்றாள். காட்டினேன். அழுகிய விதையை விரலால் தொட்டுப் பார்த்தாள். வேறொரு விதை கேட்டு வாங்கித் தானே ஊன்றினாள். அதைத் தோண்டவே இல்லை. அது முளைத்தது.

ஆனால் இதோடு கணக்குத் தீர்ந்துவிடவில்லை. முளைத்த அன்று காலை, கொட்டாங்கச்சியைக் கையில் ஏந்தி வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இதை நீங்க வைக்கலையே?"

"இல்லை அம்மா" என்றேன். அவள் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.