அறிந்ததை மட்டும் எழுது!

எட்டுக்கால் பூச்சி என்கிறோம் சிலந்தியை. காலின் கணக்கைச் சரியாகச் சொன்ன அந்தப் பெயர், இனத்தின் கணக்கில் தவறிவிட்டது. பூச்சிக்குக் கால் ஆறு, சிலந்திக்கு எட்டு. பூச்சிக்குத் தலையில் உணர்கொம்பு உண்டு, சிலந்திக்கு இல்லை. எனவே, சிலந்தி பூச்சியே அன்று! பாட்டன் வைத்த பெயர் என்பதற்காக இயற்கை தன் கணக்கை மாற்றிக்கொள்வதில்லை. உண்மை வேண்டுமா? குனிந்து பார்க்க வேண்டும். எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படிக் குனிந்து பார்ப்பதையே பொதுப்பணியாக்கினார்கள் அமெரிக்க நாட்டில். ஒரு நாள் பொழுதுக்குள், ஓரிடத்தில் காணக்கிடைக்கும் உயிரினங்கள் அத்தனையையும் பதிவு செய்யும் முயற்சி, 1996-இல் வாஷிங்டன் நகரப் பூங்கா ஒன்றில் நடைபெற்றது. 2003-இல் நியூயார்க் மாநகரின் சென்ட்ரல் பூங்காவில் அறிஞரும் தொண்டரும் கூடி, 24 மணி நேரத்தில் 800-க்கும் மேற்பட்ட உயிரினங்களைப் பட்டியலிட்டனர்.

இத்தகைய கணக்கெடுப்பில் கருவிகள் எளியவை. கிளைக்குக் கீழே வெள்ளைத் துணியை விரித்துக் கிளையைத் தட்டுவார்கள். சிலந்தியும் வண்டும் உதிரும். இலைக் குப்பையைச் சலிப்பார்கள். இரவிலே விளக்கொளியில் துணியைக் கட்டி, அந்துப்பூச்சிகளின் வரவுக்குக் காத்திருப்பார்கள். துணியைப் பிடிப்பவன் யார் மகன், எந்தக் குலம் என்று சிலந்தி கேட்பதில்லை, ஏடும் கேட்பதில்லை. பள்ளிச் சிறுமி கொண்டுவந்தாலும் சான்று இருந்தால் பதிவு உண்டு. பேராசிரியரே சொன்னாலும் சான்று இல்லையேல் பதிவு இல்லை. அறிவு பிறப்புரிமை அன்று, உழைப்புரிமை என்பதற்கு இதைவிட எளிய பாடம் வேறென்ன வேண்டும்?

843 ஏக்கர் பரப்புள்ள அந்தச் சென்ட்ரல் பூங்கா, மனிதன் திட்டமிட்டு அமைத்தது. 1858 முதல் மக்கள் உலவிவரும் இடம். அதன் இலைக் குப்பையில், அறிவியல் ஏடு எதிலும் அதுவரை இடம்பெறாத பூரான் ஒன்றை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அடையாளம் கண்டனர். நீளம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். கால்கள் 41 இணை. பூரான் ஆராய்ச்சியாளர் ரிச்சர்டு ஹாஃப்மன் பெயரால் அதற்கு நன்னாரப் ஹாஃப்மானி என்று பெயரிட்டனர். காலடியில் கிடந்ததைக் காண இத்தனை காலம் ஆயிற்று!

உடனே துள்ளி எழுவார் ஒருவர். "பார்த்தீர்களா? காணாததும் இருக்கிறது! ஆகவே நாங்கள் சொல்லும் பேயும் மறுபிறப்பும் இருக்கக்கூடாதா?"

அன்பரே, நில்லும்! பூரான் ஏட்டில் ஏறியது, இருக்கக்கூடும் என்று எவரோ சொன்னதால் அன்று. கையில் கிடைத்ததால், காலை எண்ணியதால், பிறரும் எண்ணிப் பார்க்க இடம் இருந்ததால். கிடைக்கும்வரை அந்த இடம் வெற்றிடமாகவே இருந்தது. வெற்றிடத்துக்குப் படையல் போட்டவர் இல்லை. அதன் பெயரால் காணிக்கை கேட்டவரும் இல்லை.

ஆனால் தோழர்களே, அந்த வெற்றிடம் நமக்கும் ஒரு கட்டளை இடுகிறது. சிலந்திகளில் பலவற்றை, முதிர்ந்த நிலையில் இனப்பெருக்க உறுப்பை உருப்பெருக்கியின்கீழ் பார்த்தால்தான் இன்ன இனம் எனத் துணிய முடியும். குஞ்சு கிடைத்தால், நேர்மையான தொண்டன் குடும்பப் பெயரை மட்டும் எழுதி அங்கேயே நிறுத்துவான். எண்ணிக்கை கூடட்டுமே என்று இனப்பெயரைச் சேர்க்க மாட்டான். மேடையிலே கைதட்டல் கூடட்டுமே என்று ஆராயாத செய்தியை அடுக்குகிறோமே, அப்போது நாம் அந்தத் தொண்டனுக்கு இணையாவோமா? நம் கட்சிக்கு இனிக்கும் பொய்யும் பொய்தான்.

மறுப்பது மட்டும் பகுத்தறிவு ஆகாது. மறுப்பதற்கும் ஏற்பதற்கும் ஒரே அளவுகோலை வைத்திருப்பதுதான் பகுத்தறிவு. அந்த அளவுகோல் மாற்றார் முதுகை அளக்க மட்டும் அன்று. முதலில் நம் நாவை அளக்கட்டும்!