நங்கூரம் நிற்கிறது, வளையம்?



எபிரெயர் 6-ம் அதிகாரத்தில் நங்கூரம் என்று வாசிக்கும்போது நமக்குக் கப்பல்தான் ஞாபகம் வரும். பாறை ஏறுகிறவர்களும் அதே வார்த்தையைத்தான் சொல்லுகிறார்கள்: ஆங்கர். செங்குத்துப் பாறையில் ஆணியோ போல்ட்டோ இறக்கி, அதிலே கயிற்றை மாட்டி, உயிரையே அதன்மேல் வைக்கிறார்கள்.

அமெரிக்காவில் யோசெமிட்டி பள்ளத்தாக்கிலே எல் கேப்பிடன் என்று ஒரு பாறை, சுமார் 3000 அடி உயரம். 1988-ல் டாட் ஸ்கின்னர், பால் பியானா என்கிற இரண்டு பேர் அதின் சலாத்தே வழியிலே, கருவியைப் பிடித்துத் தொங்காமல், கைகாலை மட்டும் நம்பி முதன்முதலாக ஏறி முடித்தார்கள். உச்சியிலே அவர்கள் கயிறு கட்டின பெரிய பாறைத்துண்டு பெயர்ந்து போனது! அதற்குமுன் எத்தனையோ பேர் கட்டின பாறை அது. பியானாவின் கால் முறிந்தது. இருவரும் பிழைத்ததே அதிசயம். எல்லாரும் நம்பினார்கள் என்பதற்காக அது மலையோடு ஒட்டியிருந்தது என்று ஆகாது, பாருங்க.

காரபினர் என்னும் கொக்கியிலே அது தாங்கும் அளவைப் பொறித்திருப்பார்கள். நீளவாக்கில் குறைந்தது 20 கிலோநியூட்டன், ஏறக்குறைய 2000 கிலோ பாரம். அதே கொக்கி குறுக்கே திரும்பினாலோ, வாய் திறந்திருந்தாலோ தரவிதி கேட்பது 7 மட்டுமே.

இரண்டு ஆணியில் கட்டினால் பாரம் பாதிப்பாதி என்று நினைக்கிறோம். இரண்டு கயிறும் நெருங்கி இறங்கினால் சரி. 120 டிகிரி விரிந்தால் ஒவ்வொரு ஆணிக்கும் முழுப் பாரம். அதற்குமேல் விரிந்தால் தொங்குகிற ஆளைவிட அதிகம்! துணிக்கொடியை விறைப்பாகக் கட்டி நடுவிலே ஈரப் போர்வையைப் போட்டால் ஆணி பிடுங்கிக்கொண்டு வருகிறதே, அதே கணக்குதாங்க.

அந்த ஸ்கின்னருடைய இடுப்புக் கச்சையின் முன்வளையம் தேய்ந்திருந்தது. இப்படிப்பட்ட வளையம் புதிதாக இருக்கையில் 15 கிலோநியூட்டன் தாங்கவேண்டும். கூட்டாளி பார்த்துச் சொன்னார். அவருக்கும் தெரியும். புதுக் கச்சைக்கு ஆர்டரும் கொடுத்திருந்தார். 2006 அக்டோபர் 23-ந்தேதி, லீனிங் டவர் பாறையில் கயிற்றில் இறங்கும்போது அந்த வளையம் அறுந்தது. வயது 47. மேலே ஆங்கர் அப்படியே இருந்தது, கயிறும் அறவில்லை.

தேவபிள்ளையே, ஜெபவேளை தேய்ந்துபோனது உனக்குத் தெரியாதா? அடுத்த மாசம் சரிபண்ணலாம் என்கிறாயே, இன்றைக்கு எதிலே தொங்குகிறாய்?

கருத்தாய் ஏறுகிறவர்கள் ஒவ்வொருமுறையும் கச்சையைக் கட்டுமுன் அந்த வளையத்தை விரலால் சுற்றித் தடவிப் பார்க்கிறார்கள். நூல் பிரிந்திருந்தால் அன்றைக்கு ஏறுவதில்லை.