நோயாளியைக் கேளாத கருணை

மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்மணிக்கு இன்று டாக்டர்கள் ஒரே மருந்தைச் சொல்லி அனுப்பிவிடுவதில்லை. இன்ன மருந்துகளை நான்கு முறை ஏற்றலாம். அல்லது வேறு மருந்தையும் சேர்த்து ஐந்தாறு மாதம் நீட்டலாம். சிலருக்கு ஏற்றாமலே மாத்திரையோடு நிறுத்தலாம் என்று இரண்டு மூன்று வழிகளைக் காட்டுகின்றனர். உங்கள் விருப்பம் யாதெனக் கேட்கவும் செய்கின்றனர். நம் குடும்பங்களில் இக்கேள்விக்கு விடையளிப்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர். கணவரோ, மூத்த மகனோ, நாலெழுத்துப் படித்த மைத்துனரோ தாழ்வாரத்தில் நின்று முடிவு செய்துவிடுகின்றனர். பல வீடுகளில் நோயின் பெயரே அவருக்குத் தெரியாது. 'சாதாரணக் கட்டி' என்று சொல்லிவைத்திருப்பார்கள். இதற்குக் கருணை என்று பெயரும் இட்டிருக்கிறார்கள். அப்பெயர் பொருந்துமா என்பதே நாம் ஈண்டு ஆராய விரும்புவது.

முதற்கண் மருந்துகளைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். கீமோதெரபி எனும் இரசாயன மருந்துச் சிகிச்சையில் இந்நோய்க்குப் பெரிதும் வழங்குவன சிலவே. டாக்சோரூபிசின் எனும் செந்நிற மருந்து வலிமை மிக்கது. ஏற்றிய மொத்த அளவு கூடக்கூட இதயம் பழுதாகும் அபாயமும் கூடும். பாக்ளிடாக்சல், டோசிடாக்சல் எனும் இரண்டும் ஓரினம். இவற்றால், சிறப்பாகப் பாக்ளிடாக்சலால், விரல் நுனிகளும் பாதங்களும் மதமதத்துப் போவதுண்டு. சிலருக்கு அது ஆண்டுக்கணக்கில் நீங்குவதில்லை. சைக்ளோபாஸ்பமைடு இளவயதினரின் சினைப்பையைத் தாக்கிப் பிள்ளைப்பேற்றுக்கு இடையூறாகலாம். எல்லோரும் அஞ்சுவதோ முடி உதிர்வதற்கு! அது பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும்.

2017-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சிகள் மூன்றின் முடிவுகளை ஒன்றுசேர்த்து வெளியிட்டனர். டாக்சோரூபிசினோடு டாக்சல் இன மருந்தும் பெற்ற பெண்களில், நான்காண்டு முடிவில் நோய் திரும்பாதிருந்தோர் 100-க்கு 90.7 பேர். டாக்சோரூபிசினை விலக்கி, டோசிடாக்சலும் சைக்ளோபாஸ்பமைடும் மட்டும் ஆறு முறை பெற்றோரில் 88.2 பேர். வேற்றுமை நூற்றுக்கு இரண்டரை. இந்த இரண்டரை பெரிதா, சிறிதா?

தாராவியில் ஒரு தையல் இயந்திரத்தைக் கொண்டு மூன்று பிள்ளைகளைப் படிக்கவைக்கும் சகோதரி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ஊசியில் நூல் கோக்கும் விரல் உணர்விழந்தால் அவர் வீட்டில் உலை ஏறாது. பன்னிரண்டு வாரம் வாரந்தோறும் பாக்ளிடாக்சல் ஏற்றும் நீண்ட வழியைக் கேட்டவுடன் அவர் தம் விரல்களைத்தான் பார்ப்பார். குறுகிய வழியிலும் மதமதப்பு உண்டு. ஆயினும் பொதுவாகக் குறைவு. அதே நோயும் அதே வயதும் உடைய மற்றொருவர், "கைகால் மரத்தாலும் மரக்கட்டும், என் கடைக்குட்டி பள்ளியை முடிக்கும் வரை நான் இருக்க வேண்டும்; அந்த இரண்டரையையும் விடமாட்டேன்" என்பார். இருவரில் எவரும் தவறு செய்யவில்லை. கடுமையான மருந்தை ஏற்றவர் வீரர் என்றும் மற்றவர் கோழை என்றும் பேசுவது அறியாமை. எண்ணைச் சொல்ல டாக்டரால் இயலும். அவ்வெண்ணின் எடையை அந்த வாழ்க்கையை வாழ்கிறவரே அறிவார்.

எண்ணைக் கேட்கும் முறை ஒன்றுண்டு. 2012-இல் ஆக்ஸ்போர்டைச் சார்ந்த குழுவினர் 123 ஆராய்ச்சிகளில் கலந்துகொண்ட ஏறத்தாழ ஒரு இலட்சம் பெண்களின் விவரங்களைத் தொகுத்தனர். மேற்சொன்ன இனங்களைச் சேர்ந்த மருந்துகள் மார்பகப் புற்றுநோயால் நேரும் மரணத்தைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைக்கின்றன என்று கண்டனர். மூன்றில் ஒரு பங்கு என்றவுடன் குடும்பத்தார் மேலும் கேளாது கையெழுத்திடுகின்றனர். நூற்றில் முப்பது பேர் மாளக்கூடிய நிலையில் அது பத்து உயிர். ஆறு பேர் மாளக்கூடிய நிலையில் அது இரண்டு உயிர். துன்பமோ நூறு பேருக்கும் உண்டு. ஆதலின், "என்னைப் போன்றோர் நூறு பேரில் எத்தனை பேருக்கு இதனால் பயன்?" என்றே வினவ வேண்டும்.

டாக்டருக்கே உரிய பகுதியையும் மறுக்கலாகாது. கட்டி ஹார்மோனை ஏற்கும் இனமா, ஹெர்-2 எனும் புரதம் மிகுந்ததா, மூன்று குறிகளும் இல்லாததா என்பதைச் சோதனைச்சாலைதான் சொல்ல வேண்டும். அதில் விருப்பத்திற்கு இடமில்லை. மும்பை பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனையினர் 2022-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முக்குறியும் அற்ற வகையில் கார்போபிளாட்டினைச் சேர்ப்பது ஐம்பது வயதுக்கு உட்பட்டோருக்குத் தெளிவான நன்மை தந்தது. மேற்பட்டோரிடம் அந்நன்மை காணப்படவில்லை. வயதையும் வகையையும் கருதாமல், அண்டை வீட்டாருக்குக் கொடுத்ததையே எனக்கும் கொடுங்கள் என்று கேட்பது பயனற்றது.

இனி, "எல்லாம் முன்வினை; விதித்தபடி நடக்கட்டும்; அவளை ஏன் குழப்ப வேண்டும்?" என்று சொல்வோர் உளர். நாம் விட்டுவந்த பழைய வீட்டின் வாசனை இது. மோளிய சீவகன் எனும் பரிவிராசகன், மனிதன் நுகர்வதனைத்தும் முன்வினையின் பயன்தானா என வினவியபோது பகவன் புத்தர் அதனை ஒப்பவில்லை. பித்தம், சிலேத்துமம், வாயு, பருவ மாறுதல், தாக்குதல் என எட்டுக் காரணங்களைக் கூறி, கம்மத்தை அவற்றுள் ஒன்றாகவே வைத்தார். நோயுற்ற தாயைக் குற்றவாளியைப் போலப் பார்ப்பதற்குத் தம்மத்தில் இடமில்லை.

வினய பிடகத்தின் மகாவக்கத்தில் நல்ல நோயாளியின் இயல்புகள் ஐந்தும், நல்ல பணிவிடையாளரின் இயல்புகள் ஐந்தும் சொல்லப்பட்டுள்ளன. வாந்தியையும் மலத்தையும் கண்டு அருவருக்காதிருத்தல், ஆதாயங் கருதாது அன்பினால் பணி செய்தல் ஆகியன பின்னவர்க்கு உரியன. நோயாளிக்கு உரியவற்றுள் ஒன்று நம் கேள்விக்கு நேரே வருகிறது. நோய் ஏறுகிறதா, இறங்குகிறதா, நின்றபடி நிற்கிறதா என்பதை உள்ளபடி பணிவிடையாளருக்கு உரைத்தல் வேண்டும் என்பதே அது. தமக்கு வந்திருப்பது யாதென அறியாத பெண்மணி எதை உரைப்பார்? மருந்தேறிய சில நாட்களில் காய்ச்சல் கண்டால் இரவென்றும் பாராது மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்த உடலில் அது உயிருக்கே உலை வைக்கும். 'சாதாரணக் கட்டி' என்று நம்பியிருப்பவர் ஒரு கஷாயத்தைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். மறைத்தவர்களின் அன்பு அப்போது எதற்கு உதவும்?

உண்மையைச் சொன்னால் உடைந்துபோவார் என்பர். சிலர் உடையக்கூடும். ஆயினும் முடி உதிர்ந்து, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரோடு பேசி, அறிந்துகொள்ளாமல் இருப்பவர் அரியர். அறிந்தும் அறியாதார் போல வீட்டாருக்காக நடித்துக்கொண்டு கிடப்பது மருந்தினும் கொடிது. விவரம் வேண்டாம், நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்பவரும் உண்டு. அவரை வற்புறுத்தலாகாது. கேட்ட பின் அவர் சொன்ன சொல் அது. கேளாமலே அவர் வாயில் வைத்த சொல் அன்று.

எல்லாவற்றினும் கடினமானது ஒன்றுண்டு. கேட்டால் நம் தாய்மார் என்ன சொல்கின்றனர்? "எது செலவு குறைவோ அதுவே போதும்." ஆயுள் முழுதும் எல்லோரும் உண்ட பின் சட்டியில் மிஞ்சியதை உண்டு பழகியவரின் விடை இது. இதனை அவருடைய விருப்பம் என்று எழுதிக்கொண்டு கையைத் துடைத்துக்கொள்ளலாமா? அவர் எதை எடைபோட்டார்? தம் விரலையும் இதயத்தையும் அல்ல. மகளின் திருமணத்திற்கு வைத்த நகையை. ஆகவே பணத்தின் பேச்சை அவர் முன் கொண்டுசெல்லுமுன் குடும்பத்தாரும் சங்கத்தாரும் அதை முடித்துக்கொள்ள வேண்டும். 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவு கிடைக்கும்; பெரிய மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர்களும் இருக்கின்றனர். அவர்களைக் கண்டு, கிடைப்பது எவ்வளவு, குறைவது எவ்வளவு, அதை யார் தருவது என்று தீர்த்துவிட்டு, அதன் பின் அத்தாயின் அருகில் அமர்ந்து இரண்டு வழிகளையும் தமிழில், அவசரமின்றி, எடுத்துரைக்கலாம். மறுநாள் வரை அவர் யோசிக்கட்டும்.