என் மீட்சியும் நம் ஒற்றுமையும்

பொதுநலனுக்காகத் தன் விருப்பத்தை விட்டுக்கொடுப்பவன் தன்னை இழக்கிறானா, அடைகிறானா? இக்கேள்விக்குக் குடிநோயிலிருந்து மீண்டவர்களின் வாழ்வு ஒரு விடை தருகிறது.

1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குத் தொழில் நிமித்தம் வந்த பில் வில்சன் தோல்வியுற்று நின்றார். அவர் குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. விடுதியின் மதுக்கூடம் அவரை ஈர்த்தது. அவரோ தம்மைக் காத்துக்கொள்ளத் தம்மைப் போன்ற மற்றொரு குடிநோயாளியைத் தேடினார். டாக்டர் பாப் ஸ்மித்தைக் கண்டார். அச்சந்திப்பிலிருந்து பிறந்ததே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பு. அன்று உதவியவர் யார், உதவி பெற்றவர் யார்? பிரித்துக் கூற இயலாது.

1946-இல் வெளியான அதன் பன்னிரண்டு மரபுகளுள் முதலாவது ஒற்றுமையைப் பற்றியது. அங்கே ஆணையிடும் தலைவர் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராகப் போதுமானது. எனின், அவர்களைப் பிணைப்பது எது? 'இக்கூட்டம் சிதைந்தால் நானும் வீழ்வேன். நாளை வருபவனுக்குக் கதவும் திறந்திராது' என்னும் தெளிவே.

1840-இல் பால்டிமோர் நகரில் ஆறு குடிகாரர்கள் தொடங்கிய வாஷிங்டோனியர் இயக்கம் வேகமாக வளர்ந்தது. ஆயினும் பொதுச் சர்ச்சைகளில் சிக்கிச் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து மறைந்தது.

ஒற்றுமை என்பது தவற்றை மூடிமறைப்பதன்று. கருத்து வேறுபாட்டை அடக்குவதுமன்று. உண்மையைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் சொல்லும் முன் நம்மையே கேட்டுக்கொள்வோம்: நான் நாடுவது என் சொல்லின் வெற்றியையா, அருகில் அமர்ந்திருப்பவரின் வாழ்வையா?