சித்தம் கலங்கியவருக்கும் உரிமை உண்டு

தெளிந்த அறிவுள்ள ஒருவரை அவர் இசைவின்றிப் பூட்டி வைப்பது குற்றம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. சித்தம் கலங்கியவரைப் பூட்டி வைத்தால் மட்டும் அது எவ்வாறு தருமமாகும்? "அவர் நன்மைக்காகத்தான்" என்கிறோம். அந்த விடை போதுமா?

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த தனியார் காப்பகமொன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். தர்காவை நாடி இத்தகையோரை அவ்வூருக்கு அழைத்து வந்தவர்கள் பகைவரல்லர், பெரும்பாலும் உறவினரே. நல்லெண்ணம் இருந்தது, அதைச் சரிபார்க்கத்தான் ஒருவருமில்லை.

இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், இசைவின்றிச் சேர்ப்பதை அறவே தடுக்கவில்லை. தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்துகொள்ளும் நிலையிலுள்ளவரைக் கைவிடுவதும் கருணையன்று. ஆனால் மனநல மருத்துவர் ஒருவரும், தகுதியுள்ள மற்றொருவரும் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். 30 நாட்களுக்கு மேல் வைத்திருக்க மறுஆய்வு வாரியத்தின் அனுமதி வேண்டும். நோயாளியே வாரியத்திடம் முறையிடலாம். இலவசச் சட்ட உதவியும் பெறலாம். சங்கிலியிடுவதோ எவ்வகையிலும் கூடாது. சிங்கப்பூரின் 2008-ஆம் ஆண்டுச் சட்டமும் 72 மணி நேரம், பின் ஒரு மாதம், அதன்பின் ஆறு மாதம் எனக் கெடு வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் மறுபரிசோதனை கேட்கிறது.

இவற்றின் உட்கருத்து ஒன்றே: கட்டுவதற்கு ஒரு கெடு வேண்டும், பார்ப்பதற்கு இன்னொரு கண் வேண்டும். வணிகராகிய நமக்கு இது புதிதன்று. பங்காளி எத்துணை நாணயமானவராயினும் ஆண்டுதோறும் கணக்குப் பார்க்கிறோம். அதை அவர் அவமதிப்பாகக் கருதுவதில்லை. சரக்குக்கும் பணத்துக்கும் செய்வதை, நம்மிடம் அமானிதமாக விடப்பட்ட மனிதருக்குச் செய்ய வேண்டாமா?

ஆகவே, நம் உறவினர் எவரேனும் ஊரில் ஒரு காப்பகத்தில் இருப்பாராயின், மாதந்தோறும் பணம் அனுப்புவதோடு கடமை தீர்ந்ததென எண்ணலாகாது. எந்நாளில் சேர்க்கப்பட்டார்? யார் பரிசோதித்தார்? அடுத்த பரிசோதனை எப்போது? அவர் என்ன சொல்கிறார்? இவற்றைக் கேட்டு எழுதுவோம். ஊர் செல்லும்போது நேரில் காண்போம். அவர் பேச்சு குழப்பமாயிருக்கலாம். ஆயினும் "என்னை அவிழ்த்து விடு" என்று சொல்ல அவருக்கு உரிமையுண்டு. அதைச் செவிமடுக்கும் கடமை நமக்குண்டு.